சாகத் துணிந்த சின்னக் கப்பல்

ஷா ஆலமில் பொறியாளராக இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளை தூங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் ‘ஈவ் ஆன்லைன்’ விளையாடுவது அவருடைய வழக்கம். இரண்டு மாதம் விண்கல் வெட்டித் தாது விற்றுச் சேர்த்த பணத்தில் புதிய சுரங்கக் கப்பல் ஒன்று வாங்கினார். பாதுகாப்பான பகுதி என்று ஆட்டமே பெயர் சூட்டியிருக்கும் இடத்தில் அதை நிறுத்திவிட்டு, காப்பி கலக்க எழுந்தார். திரும்பி வந்தபோது கப்பல் இல்லை. அடித்தவை மூன்று ‘கேட்டலிஸ்ட்’ கப்பல்கள். அந்த மூன்றையும் ஆட்டத்தின் காவல்படை அங்கேயே அழித்துவிட்டது. “அவர்களுக்கும் கப்பல் போச்சு, எனக்கும் போச்சு. இதில் யாருக்கு என்ன லாபம்? இவற்றைத் திருப்பி அடிக்க நான் எந்தக் கப்பல் வாங்க வேண்டும்?” என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் இரண்டாவது கேள்வியே தேவைப்படாது. அதனால் முதல் கேள்வியிலேயே கொஞ்சம் உட்காருவோம்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு நாலு வரி. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்திலுள்ள சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி ஆட்டம் இது. சீனாவுக்குத் தனி சர்வர் உண்டு. மற்ற உலகம் முழுவதும் ஒரே சர்வரில், ஒரே வானத்தில் விளையாடுகிறது. 5,000க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள், ஆட்டக்காரர்களே நடத்தும் சந்தை, ஆட்டக்காரர்களே கட்டும் கப்பல்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்புக்குத் தேர்ந்தெடுத்த முதல் 14 கணினி விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. தினமும் நம் நேரப்படி இரவு 7 மணிக்குச் சர்வரைச் சற்று நேரம் நிறுத்துவார்கள். ‘சாப்பிட வா’ என்று அம்மா கூப்பிடும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு எந்த ஆட்டத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

மற்ற ஆட்டங்களில் செத்தால் மறுபடி எழுந்து நிற்கலாம். இங்கே அழிந்த கப்பல் அழிந்ததுதான். அதற்குச் செலவிட்ட மாலைப் பொழுதுகளும் அதோடு போயின. ஆட்டக்காரர்கள் ஒரு கப்பலுக்காக இவ்வளவு வருத்தப்படுவதற்கு அதுதான் காரணம். வீட்டில் யாராவது ஈவ் விளையாடிவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தால், ‘வெறும் கேம்தானே’ என்று சொல்வதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காவல்படை காப்பாற்ற வருவதில்லை

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை இருந்தால் உயர்பாதுகாப்பு வெளி. அங்கே யாராவது உங்களை அநியாயமாகச் சுட்டால் ‘கான்கார்டு’ என்னும் காவல்படை வந்து, சுட்டவரின் கப்பலை அழித்துவிடும். தப்பவே முடியாது. தப்பிக்க ஏதாவது ஓட்டை கண்டுபிடித்தால் அதை விதிமீறலாகவே நிறுவனம் கருதுகிறது.

புதியவர்கள் இதைக் கேட்டதும் ‘அப்படியானால் இங்கே பயமில்லை’ என்று நினைக்கிறார்கள். நம் நெடுஞ்சாலையில் வேகக் கேமரா இருக்கிறதே, அது காரை நிறுத்துகிறதா? சம்மன்தான் அனுப்புகிறது. கான்கார்டும் அப்படித்தான். குற்றம் நடந்த பிறகு தண்டனை நிச்சயம். குற்றம் நடக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலையே இல்லை. அது வந்து சேரவும் நேரம் ஆகும். 1.0 மண்டலத்தில் ஏறத்தாழ 6 வினாடி. 0.5 மண்டலத்தில் ஏறத்தாழ 19 வினாடி.

கேட்டலிஸ்ட்டின் முழு வாழ்க்கையும் அந்த 19 வினாடிதான்.

காலன்டே கூட்டமைப்பின் டெஸ்ட்ராயர் வகைக் கப்பல் அது. சிறியது, மலிவானது, தோல் மெல்லியது. ஆனால் எட்டுத் துப்பாக்கி பொருத்தலாம். ‘பிளாஸ்டர்’ என்னும் குறுந்தூர ஆயுதத்தை எட்டு இடத்திலும் மாட்டி, நன்கு தேறிய விமானி ஓட்டினால், வினாடிக்கு ஏறத்தாழ 600 அளவு சேதம் தரும். பல மடங்கு விலையுள்ள கப்பல்கள்கூட அந்தக் கணக்கில் இதை எட்டிப்பிடிக்கத் திணறும். ஆயுதம் எல்லாம் சேர்த்து, சந்தை நிலவரத்தைப் பொறுத்து, 10 முதல் 20 மில்லியன் இஸ்க் ஆகும். இஸ்க் என்பது ஆட்டத்தின் நாணயம். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று வெறுமையாகவே 1,000 மில்லியனைத் தாண்டும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டலிஸ்ட் என்றால் வினையூக்கி. வேதியியல் வகுப்பில் படித்த வினையூக்கி, வினை முடிந்த பிறகும் குறையாமல் அப்படியே மிஞ்சும். இந்தக் கேட்டலிஸ்ட் ஒவ்வொரு முறையும் சாகிறது. பெயர் வைத்தவர் அதை யோசித்திருக்க மாட்டார்.

‘சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரம் முழங்கால் மட்டும்’ என்பார்கள். இந்தத் துணிச்சலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பெல்லாம் இந்த மாதிரித் தாக்குதலுக்குப் பெரிய போர்க்கப்பல்களையே கொண்டுவந்தார்கள். காரணம் வேடிக்கையானது: காவல்படை அழித்த கப்பலுக்கும் காப்பீட்டுப் பணம் கிடைத்தது! கொள்ளையடித்துவிட்டு, போலீஸ் பறிமுதல் செய்த காருக்கு இன்சூரன்ஸ் கேட்பது போல. 2011 நவம்பரில் வந்த ‘குரூசிபிள்’ புதுப்பிப்பு அதை நிறுத்தியது. பெரிய கப்பலை இழப்பது அன்றிலிருந்து உண்மையான நஷ்டமாயிற்று. அதே புதுப்பிப்பில்தான் டெஸ்ட்ராயர்களின் சுடும் வேகத்துக்கு இருந்த தடையும் நீக்கப்பட்டது. ஒரு கையால் பூட்டி, மறு கையால் சாவி கொடுத்த கதை. மலிவான கப்பல், பெரிய அடி. கேட்டலிஸ்ட் உயர்பாதுகாப்பு வெளியின் அன்றாடக் காட்சி ஆனது.

பேனாவும் காகிதமும்

இப்போது கணக்குக்கு வருவோம். வினாடிக்கு 600 வீதம் 19 வினாடிக்கு 11,400. 0.5 மண்டலத்தில் ஒரு கேட்டலிஸ்ட் சாவதற்கு முன் கொடுக்கக்கூடிய மொத்தச் சேதம் அது. உங்கள் கப்பலின் தாங்குதிறன் 20,000 என்றால் இரண்டு கேட்டலிஸ்ட் போதும். 60,000 என்றால் ஆறு வேண்டும். அதே 20,000 தாங்குதிறனுள்ள கப்பல் 1.0 மண்டலத்தில் நின்றால், அங்கே ஒரு கேட்டலிஸ்ட்டுக்குக் கிடைப்பது 3,600தான் என்பதால், அதற்கும் ஆறு வேண்டும். கப்பலையே மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றி மூன்று மடங்கு பாதுகாப்பு! (அடிக்க வருபவர்களும் சும்மா இருப்பதில்லை. காவல்படையை முதலில் அதே மண்டலத்தின் வேறு மூலைக்கு வரவழைத்து வைத்து, அது அங்கிருந்து வந்து சேரும் சில வினாடிகளையும் சம்பாதித்துக்கொள்வார்கள். அதனால் கணக்கில் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது கொள்ளை. கப்பல் வெடிக்கும்போது உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் தப்புவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சராசரியாகப் பாதிச் சரக்கு எரிந்துபோகும், பாதி மிதக்கும். அதை அள்ளிப்போக, குற்றத்தில் சேராத கூட்டாளி ஒருவர் பக்கத்தில் வேறொரு கப்பலில் காத்திருப்பார். ஆக, உங்கள் சரக்கின் மதிப்பில் பாதி, அவர்கள் இழக்கும் கேட்டலிஸ்ட்களின் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் நீங்கள் லாபகரமான இரை. குறைவாக இருந்தால் உங்களை விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள். அவர்கள் வெறிபிடித்துச் சுடுகிறவர்கள் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலும் கணக்கப்பிள்ளைகள். உங்கள் சரக்கை வருடிப் பார்க்கும் கருவியோடு ஓர் ஆள் வாயிலருகே நின்று, பட்டியல் எடுத்து, விலை கூட்டி, அதன் பிறகுதான் சைகை கொடுப்பார்.

நம் வாசகர் வைத்திருந்ததோ கொஞ்சம் தாது. அதற்கு ஏன் மூன்று கப்பலைப் பலி கொடுத்தார்கள்? சுரங்கக்காரர்கள் விஷயத்தில் லாபக் கணக்கு மட்டும் பேசுவதில்லை. ‘கோட்’ என்ற ஒரு கூட்டணி, உயர்பாதுகாப்பு வெளியே தங்களுக்குச் சொந்தம் என்று அறிவித்து, ஆண்டுக்கு 10 மில்லியன் இஸ்க் கட்டி உரிமம் வாங்காதவர் யாரும் தாது வெட்டக் கூடாது என்று வருடக்கணக்கில் மாமூல் வசூலித்தது. கட்டாதவர்களைக் கேட்டலிஸ்ட் தேடி வந்தது. பாதி நாடகம், பாதி ரவுடித்தனம். திரைக்கு முன்னால் ஆள் இல்லாமல் கப்பல் மட்டும் சம்பாதிப்பதைத் தாங்கள் எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த வாதத்தில் ஒரு துளி நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மாமூல் கேட்டதில் துளியும் இல்லை. எப்படியோ, அப்படிப்பட்டவர்களுக்கு உங்கள் தாதுவின் விலை முக்கியமில்லை. அங்கே எண்ண வேண்டியது ஆட்களை. மூன்று பேரைத் திரட்டுவது சுலபம். பத்துப் பேரைத் திரட்டுவது சுலபமில்லை. ஒரே ஆள் பல கணக்குகளை ஓட்டுவதும் உண்டு. ஆனால் ஒரு விசையை அழுத்தி எல்லாக் கப்பலையும் ஒன்றாகச் சுடவைக்கும் மென்பொருளை 2015 ஜனவரி 1 முதல் நிறுவனம் தடை செய்துவிட்டது.

ஆகவே கேட்டலிஸ்ட்டைத் திருப்பி அடிக்கக் கப்பல் வாங்குவதில் அர்த்தமில்லை. அதைக் கொல்ல ஏற்கெனவே ஆள் இருக்கிறது. சம்பளம் இல்லாமல், தவறாமல் கொல்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அதற்குக் கட்டுப்படியாகாமல் பண்ணுவது. மூன்று கேட்டலிஸ்ட் போதும் என்ற இடத்தில் எட்டு தேவைப்படச் செய்வது.

சுரங்கக்காரர்களுக்கு இது எளிது. சாதாரண விலையில் மூன்று சுரங்கக் கப்பல்கள் கிடைக்கின்றன. ‘கவெட்டர்’ அதிகம் வெட்டும், ஆனால் உடம்பு பூஞ்சை. ‘ரெட்ரீவர்’ பெரிய வயிறு. நிரம்ப நேரமாகும் என்பதால் எழுந்துபோய் வேறு வேலை பார்ப்பவர்களின் செல்லம், அதனாலேயே கேட்டலிஸ்ட்டின் செல்லமும்கூட. மூன்றாவது ‘ப்ரோக்யூரர்’. வெட்டும் அளவு குறைவு. ஆனால் 2012இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு அது ஒரு கோட்டை. மணிக்கு எவ்வளவு தாது என்று மட்டும் பார்ப்பவர்கள் அதைச் சீண்டுவதில்லை. ஒரு கவெட்டர் போனால் எத்தனை இரவு வீண் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் ப்ரோக்யூரர் முன்னால் வந்து நிற்கும். ரெட்ரீவரைக் கைவிட மனமில்லை என்றால், கீழ் இடங்களில் வெட்டும் வேகத்தைக் கூட்டும் கருவிகளாக நிரப்பாமல் ஓர் இடத்தையாவது ‘டேமேஜ் கன்ட்ரோல்’ கருவிக்குக் கொடுங்கள்.

கேடயம் பொருத்தும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: பிளாஸ்டர் தரும் சேதம் இரண்டே வகை, கைனெட்டிக்கும் தெர்மலும். எந்தக் குண்டு போட்டாலும் இது மாறாது. ஆட்டத்தில் மொத்தம் நான்கு வகைச் சேதம் இருக்க, எதிரி எந்த இரண்டோடு வருவான் என்பது முன்கூட்டியே தெரியும். பரீட்சைக்கு முன் கேள்வித்தாள் கையில் கிடைத்த மாதிரி. அந்த இரண்டுக்கும் தடுப்பை உயர்த்துங்கள். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிடாதீர்கள்.

இரண்டாவது பலவீனம் கை நீளம். பிளாஸ்டரின் முழு அடி சில கிலோமீட்டருக்குள் மட்டுமே விழும். அதனால் கேட்டலிஸ்ட் உங்கள் தலைமேல் வந்து இறங்கியாக வேண்டும். இத்தொழில் செய்பவர்களின் பாதுகாப்பு மதிப்பு பாதாளத்தில் இருப்பதால் அவர்கள் வெளியே நின்று காத்திருக்கவும் முடியாது. பேரரசுகளின் போலீஸ் துரத்தும். நிலையத்துக்குள் பதுங்கியிருந்து, சைகை வந்ததும் புறப்பட்டு நேராக உங்களிடம் பாய்வார்கள். அந்தப் பாய்ச்சலுக்குக் குறி வேண்டும். வழக்கமாக என்ன நடக்கிறதென்றால், சம்பந்தமே இல்லாதது போல ஒரு சின்னக் கப்பல் உங்கள் விண்கல் பட்டைக்கு வந்து, மெதுவாக உங்கள் பக்கத்தில் ஒட்டி நிற்கும். தாதும் வெட்டாது, போகவும் போகாது. அதுதான் குறி. அந்த நிமிடமே இடத்தைக் காலி செய்துவிடுங்கள். மரியாதைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மண்டலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ‘லோக்கல்’ பட்டியலில் தெரியும். ஒருமுறை அடித்தவர்களின் குழுவுக்குத் தாழ்ந்த மதிப்பெண் கொடுத்து வைத்தால், அடுத்த முறை அவர்கள் நுழைந்ததுமே சிவப்பாகத் தெரிவார்கள். அடித்த ஆள் 15 நிமிடத்துக்குக் குற்றவாளி. அதற்குள் வெளியே வந்தால் காவல்படை மறுபடி கொல்லும். பக்கத்து ஆள் அடிபட்டதைப் பார்த்தால், அந்தக் கும்பலைப் பொறுத்தவரை உங்களுக்குக் கால் மணி நேரம் இருக்கிறது.

நண்பர்கள் இரண்டு மூன்று பேராக வெட்டுகிறீர்களா? ஒருவர் ‘கிரிஃபின்’ என்ற மலிவான சிறு கப்பலில் உட்காரட்டும். எதிரியின் குறியைக் கலைக்கும் மின்னணுக் கருவி அதன் சிறப்பு. வேலை செய்தால் ஒரு சுற்றுக்கு 20 வினாடி எதிரி உங்களைப் பூட்ட முடியாது. 20 வினாடி! கேட்டலிஸ்ட்டின் ஆயுளே அவ்வளவுதான். பாதுகாப்பு மதிப்பு மைனஸ் 5க்குக் கீழே போனவர்களை யார் வேண்டுமானாலும் தண்டனையின்றித் தாக்கலாம் என்பதால் கிரிஃபின்காரர் முந்திக்கொள்ளவும் தடையில்லை. கலைக்கப்பட்டவன் கிரிஃபினையே திருப்பிச் சுட முடியும். சுடட்டுமே, அது காசு குறைந்த கப்பல்.

சரக்கு ஏற்றுபவர்களுக்கு

பெரிய சரக்குக் கப்பல் வைத்திருப்பவர்களின் கதை வேறு. அங்கே இருபது, முப்பது கேட்டலிஸ்ட் கூட்டமாக வரும். ஜிதா பெருஞ்சந்தையிலிருந்து மற்றச் சந்தைகளுக்குப் போகும் வழியில் ‘யுடாமா’ என்றொரு 0.5 மண்டலம் இருக்கிறது. ஈவ் விளையாடுபவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

உங்கள் கப்பலின் தாங்குதிறன் 300,000 என்று வைத்துக்கொள்வோம். 27 கேட்டலிஸ்ட் தேவை. ஒன்று 15 மில்லியன் என்றால் அவர்களுடைய செலவு 405 மில்லியன். சரக்கில் பாதிதான் மிஞ்சும் என்பதால், நீங்கள் ஏற்றுவது 810 மில்லியனைத் தாண்டும்போது லாபகரமான இரை ஆகிறீர்கள். அதற்குக் கீழே நிறுத்திக்கொண்டு இரண்டு நடையாகப் போவது சலிப்புதான், ஆனாலும் மலிவு. 2014 ஜூனிலிருந்து இந்தக் கப்பல்களில் மூன்று கருவிகள் பொருத்த இடம் கொடுத்திருக்கிறார்கள். பலரும் மூன்றிலும் கொள்ளளவு கூட்டும் கருவியை மாட்டுகிறார்கள். அது வயிற்றைப் பெரிதாக்கி உடற்கட்டை மெலிதாக்கும். சரக்கும் கூடி, தாங்குதிறனும் குறைந்தால் கணக்கு இரண்டு பக்கமும் உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. சுவரைத் தடிமனாக்கும் ‘பல்க்ஹெட்’ கருவிகளை மாட்டி 500,000 வரை கொண்டுபோனால் 44 கேட்டலிஸ்ட் தேவை. வரம்பு 1,320 மில்லியனுக்கு உயரும்.

தானோட்டியில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். தானோட்டி வாயிலுக்குப் பல கிலோமீட்டர் முன்பே கப்பலை இறக்கி, ஊர்ந்து போகவைக்கும். அந்த ஊர்தலில்தான் வேட்டை நடக்கிறது. ஆட்டத்தின் வரைபடத்திலேயே கடந்த ஒரு மணி நேரத்தில் எந்த மண்டலத்தில் எத்தனை கப்பல் அழிந்தது என்று பார்க்கும் வசதி உண்டு. புறப்படும் முன் பார்க்க அரை நிமிடம் போதும். எல்லாவற்றையும்விடச் சிறந்தது துணைக்கு ஓர் ஆள். சரக்குக் கப்பல் தனியாகத் திசை திரும்பி வார்ப் வேகம் எடுக்க அரை நிமிடத்துக்கும் மேலாகும். அதே குழுவைச் சேர்ந்த நண்பர் வேகமான சிறு கப்பலில் கூடவே வந்து, வேகம் குறைக்கும் ‘வெப்’ கருவியை உங்கள் மீதே போட்டால், எட்ட வேண்டிய உச்ச வேகம் குறைந்துவிடுவதால் சில வினாடிகளில் கப்பல் பறந்துவிடும். பிரேக் போட்டுக் கிளம்புகிற வித்தை! (நண்பர் அதே குழுவில் இல்லையென்றால் காவல்படை அவரையே குற்றவாளி என்று கொன்றுவிடும். முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

‘பெரிய கப்பல்தானே ஆபத்து, விலையுயர்ந்ததைச் சின்னக் கப்பலில் வேகமாகக் கொண்டுபோகிறேன்’ என்று நினைப்பவர்களுக்கு 2010 ஆகஸ்ட் மாதச் சம்பவம் ஒன்று. ஒருவர் ‘கெஸ்ட்ரல்’ என்ற மிகச் சிறிய கப்பலில் 74 ‘பிளெக்ஸ்’ ஏற்றிக்கொண்டு ஜிதாவில் வெளிப்பட்டார். பிளெக்ஸ் என்பது சந்தாவுக்கு ஈடான பொருள். உண்மையான பணத்துக்கு விற்கப்படுவது. அன்றைய மதிப்பில் 1,200 அமெரிக்க டாலருக்கு மேல். கப்பல் அழிந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன் அல்லவா, 74ம் ஒரே கட்டாக இருந்ததால் ஒட்டுமொத்தமாக எரிந்தன. அடித்தவர்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பிளெக்ஸுக்கு இப்போது தனிப் பெட்டகம் உண்டு, சுமந்து திரிய வேண்டியதே இல்லை. அப்படியிருந்தும் சிலர் கப்பலில் ஏற்றுகிறார்கள். கடன் அட்டையில் வாங்கியதை வானத்தில் மிதக்க விடுவது எந்த வயதினருக்கும் நல்லதில்லை. படிவம் நான்கு படிக்கும் பிள்ளை அப்பாவின் அட்டையில் வாங்கியது என்றால் சொல்லவே வேண்டாம்.

காப்பீட்டையும் மறந்துவிட வேண்டாம். அடித்தவருக்குத்தான் கிடையாது, அடிபட்டவருக்கு உண்டு. ப்ரோக்யூரர், ரெட்ரீவர் போன்ற சாதாரணக் கப்பல்களுக்கு உயர்ந்த திட்டம் எடுத்திருந்தால் கப்பல் விலையில் பெரும்பகுதி திரும்பிவரும். ‘ஹல்க்’, ‘மக்கினா’ போன்ற மேல்வகைக் கப்பல்களுக்கு வருவது சொற்பம். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொள்ளையில் இன்னொரு வகையும் இருக்கிறது. கப்பல் வெடித்ததும் அடித்தவர்கள் உங்களோடு பேச்சுக் கொடுப்பார்கள், நக்கலாகவோ அனுதாபமாகவோ. நீங்கள் கோபத்தில் எழுதும் ஒவ்வொரு வரியையும் ‘கண்ணீர்’ என்று பெயரிட்டுச் சேகரித்து, தங்களுக்குள் காட்டிச் சிரிப்பார்கள். உரிமம் கேட்டுத் திரிந்த கும்பலுக்கு அதுதான் உண்மையான வருமானம். ஆட்டத்துக்குள் கப்பலைச் சுடுவது விதிக்கு உட்பட்டது. ஆட்டத்தைத் தாண்டி வீட்டு விவரம், குடும்பம், இனம் என்று பேச்சு போனால் அது விதிமீறல். திரையைப் படம் பிடித்து நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். மற்றபடி அங்கே ஒரு வழக்கம் உண்டு. சண்டை முடிந்ததும் ‘நல்ல சண்டை’ என்பதற்கு ‘ஜிஎஃப்’ என்று இரண்டே எழுத்துத் தட்டுவார்கள். அதைத் தட்டிவிட்டுப் பேச்சுப் பெட்டியை மூடினால் அவர்களுக்குச் சேகரிக்க ஒன்றும் மிஞ்சாது.